வெடிக்காத எலுமிச்சை சீஸ் கேக்!
வீட்டிலேயே செய்யலாம்

பெயர்தான் கேக். ஆனால் இது பொங்கி எழ வேண்டிய பண்டம் அல்ல. சீம்பாலை ஆவியில் வைத்தால் கட்டியாகிறது அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான்! சூடு பட்டதும் முட்டை இறுகி, மற்றச் சாமான்களையும் பிடித்துக்கொள்ளும்.

சூடு மிஞ்சினால்? கேக் வறண்டு, நடுவில் வெடித்துவிடும். கிரீம் சீஸ் விலை அதிகம். ஆகவே, அவசரம் கூடாது.

ரோமாபுரிப் பலகாரம்

இது பழைய பண்டம். கி.மு. 2-ம் நூற்றாண்டில் ரோமாபுரியின் கேட்டோ எழுதிய விவசாய நூலில், பாலாடைக்கட்டி, மாவு, தேன், முட்டை சேர்த்துச் சுடும் பலகாரம் இருக்கிறது.

வெண்ணெய் போல மிருதுவான கிரீம் சீஸ் பிறகு வந்தது. 1870-களில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துச் செஸ்டர் என்ற ஊரில், வில்லியம் லாரன்ஸ் என்பவர் அதைத் தயாரித்து விற்றார்.

தேவையான சாமான்கள்

மாரி பிஸ்கோத்து 150 கிராம், உருக்கிய வெண்ணெய் 75 கிராம், கிரீம் சீஸ் 500 கிராம், சர்க்கரை 130 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 100 கிராம், முட்டை 3, பெரிய எலுமிச்சம்பழம் 1. அடிப்பாகம் கழலும் 7 அங்குல வட்டத் தட்டு ஒன்று.

செய்முறை

கிரீம் சீஸையும் முட்டையையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த சீஸ் கட்டி தட்டும்.

பிஸ்கோத்தைப் பொடித்து, வெண்ணெய் விட்டுப் பிசறுங்கள். தட்டின் அடியில் அழுத்திப் பரப்பி, ஓவன் அடுப்பில் 170 டிகிரி சூட்டில் 10 நிமிடம் சுட்டு ஆற வையுங்கள்.

எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் துருவுங்கள். உள்ளே உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். சீஸையும் சர்க்கரையையும் குழைத்து, தயிர், தோல் துருவல், 2 மேஜைக்கரண்டி சாறு சேருங்கள். கடைசியில் முட்டைகளை ஒவ்வொன்றாகக் கலக்குங்கள். நுரைக்க அடிக்காதீர்கள்! உள்ளே புகுந்த காற்று சூட்டில் விரிந்து, கேக்கை உப்ப வைத்துப் பிளக்கும்.

கலவையைப் பிஸ்கோத்தின் மேல் ஊற்றுங்கள். தட்டின் வெளிப்புறத்தை அலுமினியத் தாளால் நன்றாகச் சுற்றி, பெரிய தட்டில் வைத்து, பாதி உயரத்துக்கு வெந்நீர் விடுங்கள். வெந்நீர் சூட்டை மட்டுப்படுத்தும். 150 டிகிரியில் சுடுங்கள்.

எப்போது பதம்?

50 நிமிடம் கழித்துத் தட்டை மெல்ல அசையுங்கள். ஓரம் இறுகி, நடுப்பகுதி மட்டும் தளதளவென்று ஆடினால் அதுதான் பதம்! பச்சையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உள்ளே உள்ள சூட்டிலேயே மீதியும் வெந்துவிடும்.

அடுப்பை அணைத்து, கதவைச் சிறிது திறந்து, ஒரு மணி நேரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் ஓரத்தில் கத்தியை ஓட்டிவிடுங்கள். ஆறும்போது கேக் சுருங்கும். ஓரம் ஒட்டியிருந்தால் நடுவில் பிளக்கும்.

நன்றாக ஆறியபின் இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும். மறுநாள் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டுங்கள். துண்டு பிசிறில்லாமல் வரும். புளிப்பும் இனிப்புமாகக் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்!