பெரிய குடும்பத்துக்கு மோட்டார்ஹோமா, வேனா?

கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சனியும் ஞாயிறும். இரண்டு பக்கமும் பிள்ளைகள் பிரிந்து வாழும் குடும்பத்துக்குப் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதனால் பள்ளி விடுமுறையோ தீபாவளி விடுமுறையோ வந்துவிட்டால் சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரங்களில் ஒரே குடும்பத்தின் மூன்று கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். முதல் காரில் இருப்பவர் டோல் சாவடியைத் தாண்டியதும் மற்ற இரண்டையும் தேடுவார். ஓய்வுத்தளத்தில் ஒரு கார் நிற்கும், இன்னொன்று நிற்காமல் போய்விடும்.

எங்கள் குடும்பமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மொத்தம் 11 பேர். அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். எங்கள் வீட்டில் நான், என் கணவர், இரண்டு மகள்கள்.

அண்ணனுக்கு 55 வயது முடிந்து ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கும் நேரம் வந்தபோது, அதில் பெரும்பகுதியைப் போட்டு ஒரு மோட்டார்ஹோம் வாங்கலாம் என்றார். கேரவன் என்றாலே சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பில் ஓய்வெடுக்கும் வண்டி என்று நினைத்திருந்த எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் அண்ணன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நாங்கள் பாடாங் செராய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதன்பின் பல வருடங்கள் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டிய மனிதர் அவர். “நம்மள யாரும் கிளம்பச் சொல்ல முடியாத வீடு ஒண்ணு வேணும். நமக்கா தோணுனா கிளம்பணும்” என்றார். அந்த ஆசைக்கு எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அது அவருடைய முதுமைக்கான பணம். எனவே வாங்கும் முன் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன்.

படுக்கை வேறு, இருக்கை வேறு

மோட்டார்ஹோம் விளம்பரங்களில் முதலில் சொல்வது எத்தனை பேர் படுக்கலாம் என்பதைத்தான். பெரிய குடும்பம் முதலில் கேட்க வேண்டியது, வண்டி ஓடும்போது எத்தனை பேர் சட்டப்படி உட்காரலாம் என்பதை. வாகனப் பதிவில் உள்ள இருக்கை எண்ணிக்கைதான் அதற்கு விடை. கட்டில், மேசை, சமையல் மேடை எல்லாம் வைத்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் வார் பூட்டிய இருக்கைகள் நான்கு முதல் ஆறு வரைதான் மிஞ்சுகின்றன. ஓடும் வண்டியில் கட்டிலில் படுத்துக்கொண்டு போவது ஆபத்து. திடீர் பிரேக் போட்டால் படுத்திருப்பவர் முன்னால் வீசப்படுவார்.

நம் நாட்டில் காரின் பின்னிருக்கையில் உட்காருபவரும் இருக்கை வார் அணிய வேண்டும் என்ற சட்டம் 2009 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2025 ஜூன் 9 அதிகாலை கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாலிங்கிலிருந்து கிளந்தானுக்குப் போகும் கெடா குடும்பங்கள் பயன்படுத்தும் சாலை அது. அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் விரைவுப் பேருந்து, சுற்றுலாப் பேருந்துப் பயணிகளுக்கும் இருக்கை வார் கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் செய்திக்குப் பிறகு “பிள்ளைகள் பின்னால் கட்டிலில் விளையாடிக்கொண்டு வரட்டும்” என்ற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

எடை என்ற மறைந்த கணக்கு

வண்டிக்கு இரண்டு எடைகள் உண்டு. ஒன்று வெற்று எடை, மற்றொன்று ஆளும் சாமானும் ஏறிய பின் தாண்டக்கூடாத மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் ஏற்றக்கூடிய சுமை. வேனை மோட்டார்ஹோமாக மாற்றும்போது கட்டில், அலமாரி, பேட்டரி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அந்தச் சுமையை முன்கூட்டியே தின்றுவிடுகின்றன.

எங்கள் கணக்கு இது. சராசரி 55 கிலோ என்றால் 11 பேருக்கு 605 கிலோ. தலைக்கு 8 கிலோ பை என்றால் 88. நூறு லிட்டர் தண்ணீர் 100 கிலோ. அரிசி, பாத்திரம், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலிகள் 60. ஆக 853 கிலோ. இந்தச் சுமையைத் தாங்கும் மோட்டார்ஹோம் வேண்டுமென்றால் சிறிய லாரியின் அடித்தளத்தில் கட்டியதைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே வேறு செலவுகள் வருகின்றன. சாதாரண ‘டி’ பிரிவு லைசன்ஸ், வெற்று எடை 3,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்குத்தான் செல்லும். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் இரண்டு அச்சு, ஆறு சக்கரம் என்ற கணக்கில் டோலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம். தீபகற்பத்தில் டீசல் விலை 2024 ஜூன் 10 அன்று லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உயரமான வண்டி பேரங்காடியின் கீழ்த்தள வாகன நிறுத்துமிடத்துக்குள் நுழையவும் முடியாது.

பழைய வேனை வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இருக்கையைக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது போன்றவை வாகன அமைப்பை மாற்றும் வேலைகள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பட்டறைக்காரர் “எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்று சொன்னால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஓர் இரவு சோதனை

காகிதக் கணக்கு அண்ணனைச் சமாதானப்படுத்தவில்லை. ஆகவே ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்து, பாலிங் அருகே உலு லெகோங் வெந்நீர் ஊற்றுக்குப் போய் ஓர் இரவு தங்கினோம். வாங்க நினைக்கும் எல்லாருக்கும் நான் சொல்வது இதைத்தான். இலட்சக்கணக்கில் கொடுக்கும் முன் ஓர் இரவு முழுக் குடும்பத்தோடும் தங்கிப் பாருங்கள்.

வண்டியில் ஆறு இருக்கைகள்தான். மற்ற ஐந்து பேர் காரில் பின்னால் வந்தார்கள். அதாவது மோட்டார்ஹோம் எடுத்தும் நாங்கள் இரண்டாகப் பிரிந்துதான் போனோம்.

கழிவறைக்குக் கீழே இருந்தது கையால் இழுத்து வெளியே எடுக்கும் சிறிய தொட்டி. இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும். பதினொரு பேருக்கு விடியும் முன்பே நிறைந்துவிட்டது. அதை எடுத்துப்போய்க் கொட்டுவதற்கு யார் முன்வருவது என்ற கேள்விக்கு யாரும் உடனே பதில் சொல்லவில்லை. கடைசியில் அண்ணனே தூக்கிக்கொண்டு போனார்.

குளிர்சாதனம் அடுத்த பிரச்சினை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. 600 வாட் எடுக்கும் சிறிய குளிர்சாதனம் அதை இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும். சாதாரண ஈய பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால் ஒரு மணி நேரம்தான். வெளியிலிருந்து மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஜன்னலைத் திறந்து கொசுவலை போட்டுத்தான் தூங்க வேண்டும். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

சமையல் வாயுவிலும் கவனம் தேவை. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். தோம்பு வைக்கும் அறையின் அடியில் வெளிக்காற்றுக்கு வழி இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது தோம்பின் வால்வு மூடியிருக்க வேண்டும்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுபத்தாறு வயது, பால்மரம் வெட்டிய கால்கள், இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. வண்டிப் படி அவருக்கு உயரம். ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கட்டிலுக்கு ஏணி வேண்டும். கீழே இருந்த கட்டிலைக் கொடுத்தோம். வெந்நீரில் காலை நனைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். எப்படி இருந்தது என்று அண்ணன் கேட்டபோது அம்மா சொன்னார்: “நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா பாதிப் பேரு இன்னொரு வண்டியில வர்றாங்களே. எல்லாரையும் பாத்துக்கிட்டே வரணும்னுதானே நான் ஆசைப்பட்டேன்.”

யாருக்கு எது பொருந்தும்?

மோட்டார்ஹோம் மோசமான வண்டி என்று நான் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற தம்பதிக்கும், இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள சிறு குடும்பத்துக்கும், மாதக்கணக்கில் ஊர் சுற்ற நேரம் உள்ளவர்களுக்கும் அது அருமையான துணை. எட்டுப் பேருக்கு மேல் போகும் குடும்பத்துக்குத்தான் கணக்கு இடிக்கிறது. படுக்கையை எந்த ஊரிலும் வாடகைக்கு எடுக்கலாம். பாலிங்கிலும் கூலிமிலும் ஹோம்ஸ்தே வீடுகள் இருக்கின்றன. ஓடும் வண்டியில் பாதுகாப்பான இருக்கையை வழியில் எங்கேயும் வாங்க முடியாது.

நாங்கள் இப்போது விடுமுறைக்கு 14 இருக்கை வேன் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம். எடுக்கும் முன் பார்ப்பவை இவை:

ஒவ்வோர் இருக்கையிலும் வார் இருக்கிறதா, பூட்டு வேலை செய்கிறதா என்று உட்கார்ந்து பூட்டிப் பார்க்கிறோம். பழைய வேன்களில் பின் வரிசைகளில் வார் இருப்பதில்லை.

வாடகை வாகனத்துக்கான உரிமமும் காப்புறுதியும் உண்டா என்று கேட்கிறோம். சொந்த உபயோகத்துக்கான காப்புறுதி, கூலிக்கு விடும் வண்டிக்குச் செல்லாது.

டயரின் தேய்மானத்தையும் தயாரிப்புத் தேதியையும் பார்க்கிறோம்.

சிறு பிள்ளைகளின் இருக்கையை உறுதியாகக் கட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

வயதானவர்கள் ஏறுவதற்கு அகலமான மரப் படி ஒன்றை நாங்களே கொண்டுபோகிறோம். அண்ணன் செய்தது.

ஓட்டுநர் இருவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கிறோம். அம்மாவின் முழங்காலுக்கும் கழிவறைத் தேவைக்கும் அது சரியாக இருக்கிறது. மூன்று காலி இருக்கைகளில் பைகளை வைத்துக் கட்டிவிடுகிறோம்.

அண்ணனின் சேமநிதிப் பணம் இன்னும் அவர் கணக்கிலேயே இருக்கிறது. மோட்டார்ஹோம் ஆசையை அவர் முழுதாக விடவில்லை. பேரப்பிள்ளைகள் வளர்ந்து தனியே போன பிறகு அண்ணியும் அவரும் மட்டும் போவதற்கு ஒரு சிறிய வண்டி வாங்கப்போவதாகச் சொல்கிறார். அப்போது இருக்கை இரண்டு, படுக்கை இரண்டு. அந்தக் கணக்கு சரியாக வரும் என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.