உளநோயும் இயலாமைக் கொடுப்பனவும்: தனிநிலை வைத்தியர் சான்றின் பெறுமதி

காலிழந்தான் ஒருவன் தன் இழப்பைப் பிறர்க்குக் காட்டுதல் அரிதன்று. முறிந்த என்பைக் கதிர்ப்படம் காட்டும். குருதியின் குறையை ஆய்கூடம் காட்டும். ஆயின் உள்ளம் நோயுற்றவன் தொழில் புரியும் ஆற்றலைத் தான் இழந்தமையை எதனாற் காட்டுவான்? அவன் சொல்லும், அவனோடு உறைவோர் சொல்லும், அவனை நோக்கிய வைத்தியர் சொல்லுமே சான்றாவன. இச்சொற்களுள் எதற்கு எத்துணைப் பெறுமதி அளிப்பது என்பதே, கொடுப்பனவு மறுக்கப்பட்ட உளநோயாளரின் மேன்முறையீடுகளில் எழும் தலையாய வினா. அவ்வினா நீதிமன்றங்களிலே நெடுங்காலம் ஆராயப்பட்ட நாடு அமெரிக்க ஐக்கிய நாடாதலின், அந்நாட்டு நடைமுறையே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

அங்கே தொழிலாளர்க்குரிய இயலாமைக் காப்புறுதி 1956ஆம் ஆண்டிலே சட்டமாயிற்று. வறியோர்க்குரிய பிறிதொரு கொடுப்பனவு 1972இல் விதிக்கப்பட்டு 1974இல் நடைமுறைக்கு வந்தது. உடலிலோ உள்ளத்திலோ உற்ற குறையினாற் குறிப்பிடத்தக்க வருவாய் தரும் தொழிலைச் செய்ய இயலாமையும், அக்குறை பன்னிரண்டு மாதமேனும் நீடித்தலும், நீடிக்குமென எதிர்பார்க்கப்படுதலும், அன்றி இறப்பில் முடியத்தக்கதாதலும் பொதுவாக வேண்டப்படுவன. மறுக்கப்பட்டவர் முதலில் மீள்பரிசீலனை கோரலாம். பின்னர் நிருவாகச் சட்ட நீதிபதி முன்னிலையில் விசாரணை பெறலாம். அதன்பின் மேன்முறையீட்டு மன்றையும், ஈற்றிலே கூட்டாட்சி நீதிமன்றையும் நாடலாம். ஒவ்வொரு படிக்கும் தவணை 60 நாள். கடிதத்தைப் பிரித்துப் படிக்கவும் அஞ்சும் நிலையிலுள்ள நோயாளிக்கு இத்தவணை எத்துணைக் குறுகியது என்பது சொல்லாமலே விளங்கும்.

விசாரணைக்கு வரும் கோப்பிலே பலவகை வைத்தியர் பேசுவர். நோயாளிக்குப் பலகாலம் சிகிச்சையளித்தவர் ஒருவர். கோப்பிலுள்ள சான்று போதாதவிடத்து, அரசின் செலவிலே அவரைப் பெரும்பாலும் ஒரேயொருமுறை பரிசோதிப்பவர் இன்னொருவர். நோயாளியைக் காணாது ஏடுகளை மாத்திரம் வாசித்துக் கருத்துரைப்பவர் மூன்றாமவர். இவர்களோடு, நோயாளியின் சட்டத்தரணி தாமே அமர்த்தும் உளவைத்தியர் ஒருவரும் சிலபோது சேர்வர். நடுநிற்கும் வைத்தியர் யார்? சிகிச்சை செய்தவர் தம் நோயாளிபாற் பரிவுடையவர் என்பர் ஒரு சாரார். அரசு அனுப்பியவர் பரிசோதனைக்கு இவ்வளவு என அரசிடமே ஊதியம் பெறுபவர் என்பர் மறு சாரார். சட்டத்தரணி அமர்த்தியவரை இரு சாராரும் ஐயுறுவர். ஆகவே தனிநிலை என்னும் பெயர் ஒருவர்க்குச் சூட்டப்படுதலால் மாத்திரம் அவர் கூற்று உறுதி பெற்றுவிடாது.

ரெக்சாஸ் மாநிலத்துப் பாரவூர்திச் சாரதி ஒருவரின் முதுகுக் காயம்பற்றிய வழக்கிலே, 1971ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் இது தொடர்பாக ஒரு முடிபு கூறிற்று. அவரைப் பரிசோதித்தவருள் உளவைத்தியரும் ஒருவர். அவ்வைத்தியர்கள் நேரில் வந்து சாட்சியம் அளித்திலர்; அறிக்கைகளே வந்தன. விண்ணப்பதாரர் அவர்களை அழைப்பித்துக் குறுக்குவிசாரணை செய்யத் தமக்குள்ள உரிமையைப் பயன்படுத்தாதவிடத்து, அவ்வறிக்கைகள் அவருக்கு எதிராகவும் போதிய சான்றாகலாம் என்பது தீர்ப்பு. ஒருமுறை கண்டவர் எழுதிய தாளின் வலிமை அன்றுமுதல் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

அத்தாள் எழுந்த முறையைச் சிறிது ஆராய்தல் வேண்டும். அரசின் விதிப்படி உளவைத்தியப் பரிசோதனை ஒன்றுக்கு ஒதுக்கவேண்டிய நேரம் குறைந்தது 40 நிமிடம். உளவியலாளரின் பரிசோதனைக்கு 60 நிமிடம். நோயாளி குறித்த நாளிலே துணையொருவரோடு வருவார். தேதியைச் சொல்வார், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்வார், சில சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிக் கூறுவார். அமைதியான அறையிலே, அன்பாகப் பேசும் ஒருவர் முன்னிலையில் இவையெல்லாம் இயலும். தொழிற்றிறனோ நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்தில் ஐந்து நாள் என்னும் அளவாலே மதிக்கப்படுவது. மேற்பார்வையாளர் கடிந்துரைக்கும்போது அவர் நிலை யாதாகும்? அன்னை எழுப்பி மாத்திரை கொடாத நாளிலே அவர் படுக்கையை விட்டு எழுவாரா? இவை அவ்வறையிற் புலப்படா. உளநோய்கள் பல ஏறியும் இறங்கியும் வருவன. மாரியிலே கிணற்றை எட்டிப் பார்த்தவன் கோடையிலும் நீருண்டு எனச் சான்று கூறுதல் போன்றதே ஒருநாட் பரிசோதனை. அவன் பொய்யனல்லன்; அவன் கண்டது மாரிக் கிணறு.

பரிசோதகர் நேர்மையானவராயினும், அவர் அறிக்கையைக் கொண்டு விடை காண்போர் வினாவைத் திரித்துவிடின் பயன் யாது? 1978 முதல் 1983 வரை நியூ யோர்க்கிலே நிகழ்ந்தது அதுவே. உளநோயால் வந்த குறை அரசின் பட்டியலிலுள்ள கடுமையான அளவை எட்டவில்லையாயின், அந்நோயாளி பயிற்சி வேண்டாத எளிய தொழிலையேனும் செய்ய வல்லவர் என முன்கூட்டியே கொள்ளப்பட்டது. சட்டமோ பட்டியலை எட்டாதவரின் எஞ்சிய ஆற்றலையும் ஆளுக்கு ஆள் தனித்தனி மதிப்பிடும்படி கூறிற்று. இக்கொள்கை வெளியிடப்படாது உட்குறிப்புகளிலே வழங்கியமையால், மறுக்கப்பட்டோர் தாம் மறுக்கப்பட்ட உண்மைக் காரணத்தை அறிந்திலர். மினசோட்டாவிலே தொடுக்கப்பட்ட வழக்கொன்றில் 1982ஆம் ஆண்டு இத்தகைய வழக்கம் சட்டத்துக்கு மாறானதென முடிபாயிற்று. அடுத்த ஆண்டிலே நியூ யோர்க் நகரமும் மாநிலமும் நோயாளர் சிலரும் வழக்குத் தொடுத்தனர். மாவட்ட நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 1986 யூனிலே உயர்நீதிமன்றம், நீதியரசர் லூயிஸ் பவல் எழுதிய ஒருமித்த தீர்ப்பினால் அதனை உறுதிசெய்தது. காரணம் மறைக்கப்பட்டமையால் 60 நாட்டவணை கடந்தோரும் தம் கோப்புகளை மீளத் திறப்பிக்கலாம் என்றாயிற்று. கொடுப்பனவு நின்ற அதிர்ச்சியாலே பலர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர் என்பதும், மேன்முறையீட்டு அலைச்சலே நோயைக் கடுமையாக்கவல்லது என்பதும் அத்தீர்ப்பிலே சுட்டப்பட்டன. தொழிலுக்கு வல்லவர் எனக் கருதப்பட்டோர் கொடுப்பனவு நின்ற அளவிலே வைத்தியசாலைப் படுக்கையை அடைந்தமை, முன்னர் வந்த மதிப்பீடு எத்தகையது என்பதற்கு எந்தப் பரிசோதகரின் அறிக்கையினும் வலிய விடை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1984 ஒற்றோபரில் சட்டம் திருத்தப்பட்டது. நோய் தேறியமைக்குச் சான்றின்றிக் கொடுப்பனவை நிறுத்துதல் பொதுவாகத் தடுக்கப்பட்டது. உளநோய்க் கோப்புகளை இயன்றவரை உளவைத்தியரோ உளவியலாளரோ ஆராயவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 1985இல் வந்த புதிய அளவைகள் நோயின் பெயரோடு நில்லாது, அன்றாடக் கருமம், பிறரோடு பழகுதல், மனத்தை ஊன்றி வேலையைத் தொடர்தல், தொழிற் சூழலிலே நிலை குலைதல் ஆகியவற்றையும் நோக்கின. 1991இல், சிகிச்சையளித்த வைத்தியரின் கருத்து தக்க ஆதாரமுடையதாய், ஏனைய சான்றோடு முரணாததாய் இருப்பின் அதற்கே மேலான இடம் என்னும் விதி எழுதப்பட்டது. அவ்விதி 2017 மார்ச்சு 27 முதல் இடப்பட்ட விண்ணப்பங்களுக்கு இல்லை. இப்பொழுது எவர் கருத்தாயினும், அதற்குக் காட்டப்பட்ட ஆதாரமும் பிற சான்றோடு அதற்குள்ள இயைபுமே முதன்மையாக நோக்கப்படுவன. எனினும் 2019ஆம் ஆண்டிலே, பழைய விதிக்குட்பட்ட வழக்கொன்றில், நியூ யோர்க்கை உள்ளடக்கிய இரண்டாஞ் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒருமுறைப் பரிசோதனையைப் பெரிதும் நம்புதல் தகாதென்றும் உளநோயிலே அது இன்னும் தகாதென்றும் கூறிற்று.

விதி மாறியதனாலே தனிநிலை அறிக்கைக்கு உள்ள தேவை கூடிற்று எனலாம். சிகிச்சையளிப்பவர் பெயரொன்றே போதாதாகலின், அவர் கண்டதைப் பிறரொருவர் முழுக் கோப்பையும் வாசித்து, நோயாளியையும் அவரோடு உறைவோரையும் வினவி, தொழிலின் ஒவ்வோர் இயல்புக்கும் ஏற்ப எழுதித் தருதல் நீதிபதிக்குப் பெரிதும் பயன்படும். அத்தகைய அறிக்கைக்குக் கூலி கொடுக்க வல்லார் சிலரே. கொடுக்க மாட்டாதார்க்கு அரசு அனுப்பும் வைத்தியரே கிடைப்பர். அவருக்கு நோயாளியின் பழைய வரலாற்றை முற்கூட்டியே அளித்தல் வேண்டுமென்பது விதி. ஆதலின் விசாரணையன்று நோயாளியின் பக்கம் நிற்பவர் முதலிலே கேட்கத்தக்கது, அந்த 40 நிமிடத்துக்கு முன்னர் எத்தனை ஏடுகள் அவ்வைத்தியர் மேசைக்குச் சென்றன என்பதே.