கேணிப் பாசியும் காணாமற் போகும் குளோரீனும்

வானொலியில் இவ்வுரையைக் கேட்ட நேயர்களுக்கும், இப்போது பத்திரிகையில் வாசிக்கும் அன்பர்களுக்கும் முதலில் ஒரு விளக்கம். இலக்கியத் தொடரில் நீச்சல் தடாகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். பேச்சு பாசியைப் பற்றியது. பாசியோ சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்ற பொருள்.

குறுந்தொகையின் 399ஆம் பாட்டு பரணர் பாடியது. தலைவியின் மேனியிற் படரும் பசலையை, ஊரார் தண்ணீர் எடுக்கும் கேணித் துறையில் மிதக்கும் பாசிக்கு அவர் ஒப்பிடுகிறார். கை பட்ட இடத்தில் பாசி விலகும். கையை எடுத்ததும் திரும்ப வந்து மூடும். தலைவன் அணைக்கையில் நீங்கி, பிரிகையில் பரவும் பசலையும் அப்படித்தான். நாம் இதைக் காதற் பாட்டாகப் படித்துச் சுவைத்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் உவமை சொன்னவர் கேணியை நன்றாகப் பார்த்தவர். பாசியின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக எந்த விஞ்ஞானப் பாடநூலும் சொல்லிவிட முடியாது. சங்கப் பாடல்களை அவை பிறந்த சமூகத்தோடும் வாழ்க்கைச் சூழலோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர், கரவெட்டி தந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி (1932–2011). அந்தக் கரவெட்டியில் நடந்த ஒரு சிறிய சங்கதியைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பிள்ளைகள் கனடாவில். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பேரப்பிள்ளைகள் வந்து நிற்பார்கள் என்று, மகன் அனுப்பிய காசில் வளவுக்குள் ஒரு நீச்சல் தொட்டி கட்டினார். நீளம் 20 அடி, அகலம் 10 அடி, ஆழம் 4 அடி. தண்ணீர் வீட்டுக் கிணற்றிலிருந்து. இரண்டு கிழமையில் தொட்டி பச்சையாகிவிட்டது. இறைத்து வெறுமையாக்கி மீண்டும் நிரப்பினார். மீண்டும் பச்சை. மூன்றாம் முறையும் இறைக்கத் தீர்மானித்திருந்த வேளையில் நான் போனேன்.

“தம்பி, ஒவ்வொரு நாளும் விடிய அரைக் கிலோ குளோரீன் தூள் கொட்டுறன். பின்னேரம் சோதிச்சுப் பார்த்தால் ஒண்டும் இல்லை. இது எங்கை போகுது?” என்றார்.

“மாஸ்ரர், இறைக்கிறதை ஒரு கிழமை நிப்பாட்டி வையுங்கோ. எங்கை போகுது எண்டதை முதலிலை கண்டுபிடிப்பம்” என்றேன்.

இறைப்பை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தத் தொட்டி 800 கன அடி, அதாவது ஏறத்தாழ 22,600 லீற்றர் கொள்ளும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடாக இறங்கி, உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்பதுதான் எங்கள் நன்னீர். கோடையில் அதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலே ஏறும். ஒரு வளவின் தொட்டிக்காக அயலவரின் கிணறும் உவராகலாம். மேலும், தொட்டியை இறைத்தால் தண்ணீர்தான் போகுமே தவிரச் சுவரில் ஒட்டியிருக்கும் பாசிப் படலம் போகாது. புதிதாக வரும் கிணற்று நீரோ, தோட்டங்களுக்கு இடும் யூரியாவிலிருந்தும் எருவிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் இறங்கிய நைத்திரேற்றைக் கொண்டுவரும். அது பாசிக்குப் பசளை. ஆக, இறைத்து நிரப்புவது பாசிக்குப் பந்தி வைப்பது போன்றது.

இனிக் குளோரீனின் கணக்கைப் பார்ப்போம். அது நீரில் மூன்று வழிகளிற் செலவாகும். ஒன்று, வெயில். நிழலில்லாத தொட்டியில் உச்சி வெயிலின் புறவூதாக் கதிர்கள் காப்பில்லாத குளோரீனில் பாதியை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சிதைத்துவிடும். சயனூரிக் அமிலம் லீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். இரண்டு, பாசி, உதிர்ந்த வேப்பிலை, வியர்வை முதலிய சேதனப் பொருள்கள். மூன்று, அமோனியா. இது குளோரீனோடு சேர்ந்து குளோரமீன் ஆகிவிடும். கண்ணைக் கரிக்கும் ‘குளோரீன் மணம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் குளோரமீனின் மணந்தான். மணம் தூக்கலாக இருந்தால் குளோரீன் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைக்கிறோம். உண்மையில் அது போதவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். ஒரு பங்கு அமோனியா நைதரசனை முற்றாக அகற்ற எட்டு முதல் பத்துப் பங்கு குளோரீன் வேண்டும். அந்த எல்லையைத் தாண்டும்வரை போடுவதெல்லாம் போன இடம் தெரியாமற் போகும்.

இந்த மூன்றில் எது என்று பிரித்தறிவதற்கு முன்னர் இரண்டு ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, தூளே செத்துவிட்டதா? வெளிற்றும் தூளில் மூன்றிலொரு பங்குதான் பயன்படும் குளோரீன். ஈரக்காற்றுப் பட்டால் அதுவும் குறைந்துகொண்டே போகும். மாஸ்ரர் வாய் கட்டாத பையில் பம்பி அறைக்குள் மாதக்கணக்காக வைத்திருந்தார். இரண்டாவது, சோதனை பொய் சொல்கிறதா? மஞ்சள் நிறம் காட்டும் பழைய சோதனைத் திரவம் தனிக் குளோரீனையும் குளோரமீனையும் பிரித்துக் காட்டாது. இளஞ்சிவப்புக் காட்டும் மாத்திரை பிரித்துக் காட்டும். ஆனால் குளோரீன் மிக அதிகமானால் அந்த நிறத்தையே வெளிற்றி, ஒன்றுமில்லை என்று காட்டிவிடும். நிறம் கணம் தோன்றி மறைந்தால், நீரை நல்ல நீரோடு கலந்து ஐதாக்கி மீண்டும் சோதிக்க வேண்டும்.

பிறகு இரவுச் சோதனை. பொழுதுபட்ட பின் தூளைக் கரைத்து ஊற்றிப் பம்பியை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளந்தோம். மறுநாள் சூரியன் உதிக்குமுன் மீண்டும் அளந்தோம். இரவில் வெயில் இல்லை. எனவே இரவில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் குறைந்தால் கள்வன் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறான். எங்களுக்கு மாலையில் 6 காட்டியது. விடியற்காலையில் ஒன்றுமே இல்லை.

அடுத்து மூன்று வாளிகள். ஒன்றில் தொட்டி நீர், ஒன்றில் கிணற்று நீர், மற்றதில் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர். மூன்றிலும் புதிய தூளைக் கரைத்து லீற்றருக்கு 5 மில்லிகிராம் குளோரீன் வரும்படி சேர்த்து, மூடி, இருட்டறையில் வைத்தோம். விடிய, போத்தல் தண்ணீரில் ஏறத்தாழ 5 அப்படியே இருந்தது. தொட்டி நீரில் ஒன்றுமில்லை. அது எதிர்பார்த்ததுதான், பாசி தின்றுவிட்டது. ஆனால் கிணற்று நீரில் 2 மட்டுமே மிஞ்சியிருந்தது. நைத்திரேற்று பாசிக்கு உணவே தவிரக் குளோரீனைத் தின்னாது. அப்படியானால் கிணற்றில் வேறு ஏதோ இருக்கிறது. அமோனியாவோ, அழுகும் சேதனப் பொருளோ.

மாஸ்ரர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, இந்தத் தண்ணியைத்தானே நாங்கள் குடிக்கிறது” என்றார்.

தொட்டியின் கதை அந்த இடத்தில் வேறு கதையாகிவிட்டது. கிணற்றிலிருந்து பார்த்தால் பின்பக்கம் மாட்டுக்கொட்டில்; அதற்கப்பால் வேலியோரத்தில் அயல் வீட்டு மலக்குழி. கிணற்றுக்கும் குழிக்கும் 30 மீற்றர் இடைவெளி வேண்டுமென்பது பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு அளவு. இரண்டு பரப்புக் காணியில் வீடு கட்டும் எங்களூரில் அந்த அளவுக்கு இடமேது? வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக்கல்லோ எதையும் வடிகட்டி அனுப்பாது. தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். மலக் கிருமிகளும் உண்டு, நைத்திரேற்றும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே என்று முடிவு வந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அந்நீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலு குன்றி உடல் நீலம் பாரிக்கும். வரவிருந்த பேரப்பிள்ளைகளில் ஒன்று நான்கு மாதக் குழந்தை.

குளோரீன் எங்களுக்குப் புதிய விருந்தாளி அல்ல. 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்ரன் நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது குடிநீர்க் குழாய்களை வெளிற்றும் தூளாற் சுத்திகரித்தார்கள். 1908இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரம் குடிநீருக்கு இடைவிடாது குளோரீன் சேர்க்கத் தொடங்கியது. 2004 மார்கழி 26இல் கடல்கோள் வடமராட்சிக் கரையை அழித்த பின்னர், கரையோரக் கிணறுகள் எங்கள் எல்லோருடைய கவலையுமாயின. குளோரீன் இட்ட கிணற்றில் அது மிஞ்சி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே அந்தப் பணியின் முதற்பாடம். இட்ட அளவு பாதுகாப்பல்ல. மிஞ்சி நிற்கும் அளவே பாதுகாப்பு.

தொட்டியைச் சுத்தமாக்கியது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இலைகளை அள்ளினோம். பின்னர் நீரின் பி.எச். அளவை 7.2 அளவுக்கு இறக்கினோம். எங்கள் சுண்ணாம்பு நீரில் அது ஏறிக்கொண்டே போகும், 7.5இல் குளோரீனின் பாதிதான் வலுவுள்ள வடிவில் நிற்கும், 8இல் காற்பங்குதான். இந்தத் தொட்டியில் லீற்றருக்கு 1 மில்லிகிராம் ஏற்றப் புதிய தூள் ஏறத்தாழ 70 கிராம் வேண்டும். 10 ஏற்ற 700 கிராம். முதல் நாள் பொழுதுபட 10க்கு ஏற்றி, அதன் பின் குறையக் குறைய நிரப்பி அந்த அளவிலேயே பிடித்து வைத்தோம். மாஸ்ரர் முன்பு விட்ட பிழை இதுதான். காலையில் கொட்டி வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, மாலை முழுவதும் பாசியை ஆறுதலாக வளரவிட்டார். கையை எடுத்தார், பாசி மூடியது. பரணர் கண்டது அதுவே.

நாள்தோறும் சுவரையும், ஏணியின் பின்புறத்தையும், விளக்கின் இடுக்கையும் தூரிகையால் தேய்த்தோம். வடிகட்டி மணலைப் பின்னோட்ட நீராற் கழுவினோம். நான்காம் நாள் பச்சை போய்ச் சாம்பல் வெள்ளைக் கலங்கல் வந்தது. அது இறந்த பாசி, தோல்வியல்ல. எட்டாம் நாள் அடித்தளம் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. நீர் தெளிந்திருக்க வேண்டும். சேர்க்கைக் குளோரீன் 0.5க்குக் கீழே இருக்க வேண்டும். ஓரிரவு இழப்பு 1ஐத் தாண்டக்கூடாது. மூன்றும் ஒருங்கே கூடிய பின்னரே கையை எடுத்தோம். அளவு 3க்கு இறங்கும்வரை எவரையும் இறங்கவிடவில்லை. இன்னுமொன்று: தூளைத் தண்ணீரிற் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அமிலத்தோடோ வேறு வகைக் குளோரீன் மாத்திரையோடோ அதைக் கலப்பது உயிராபத்து.

மாட்டுக்கொட்டில் இப்போது வளவின் மறுகோடியில் இருக்கிறது. அயலவரோடு பேசி மலக்குழியை அடைப்பு உள்ளதாகக் கட்டுவிக்கும் முயற்சி நடக்கிறது. அதற்குள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இரண்டு தடவை வந்து போயிருக்கிறார். குடிப்பதற்குக் கூரை மழைநீரைச் சேர்க்க ஒரு தாங்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு அதுவும் இல்லை, போத்தல் தண்ணீர்தான்.

“தொட்டி பச்சையாகாமல் இருந்திருந்தால் நான் கிணத்தைப் பார்த்திருக்கவே மாட்டன்” என்று மாஸ்ரர் அன்று சொன்னார். இதைக் கேட்கும், வாசிக்கும் அன்பர்களிடம் எனது வேண்டுகோளும் அதுவே. வீட்டில் தொட்டி இருக்க வேண்டுமென்பதில்லை. இரண்டு வாளியும் ஒரு சோதனை மாத்திரையும் போதும். இன்றிரவு உங்கள் கிணற்று நீரை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.