‘இது என்ன பூச்சிங்க?’ - பெயர் தெரியும் முன் மருந்தடிக்க வேண்டாம்!

அவிநாசிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை இருந்தால் போதும், ஒரு பப்பாளி மரம் நிற்கும். ஒருநாள் அதன் இலைக்கு அடியில் மாவு தூவியதுபோல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். உடனே ஒரு போட்டோ எடுத்து, ‘இது என்னங்க?’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். பதில்கள் குவியும். பெரும்பாலும் என்ன மருந்து அடிக்கலாம் என்றுதான் இருக்கும். பூச்சியின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? பக்கத்து ஊரான கோவையில் 2008-ல் நடந்ததைக் கேளுங்கள். அந்த வருடம் அங்கே பப்பாளியில் இதே மாதிரி வெள்ளைப் பூச்சி மொய்த்தது. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி என்று ஒன்றையும் விடவில்லை. விவசாயிகள் மருந்து அடித்துப் பார்த்தார்கள். உடம்பு முழுக்க மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்து சரியாக உள்ளே இறங்கவில்லை. செலவுதான் ஏறியது.

மாவுப்பூச்சியில் பல வகை உண்டு. இது அதுவரை இந்தியாவில் பதிவாகாத ‘பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்’ என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதன் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். ஊர் தெரிந்ததும் அங்கே அதற்கு யார் எதிரி என்று தேட முடிந்தது. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டன. அவற்றில் நன்றாக வேலை செய்தது ‘அசிரோபேகஸ் பப்பாயே’. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது! தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அதை விட்ட பிறகு மாவுப்பூச்சி அடங்கியது. வகை தெரியாமல் இருந்திருந்தால் எந்தக் குளவியைத் தேடுவது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதே போல வெள்ளை மாவு பூசிய ஒரு புழுவும் ஊர்ந்துகொண்டிருக்கும். ‘இதுவும் பூச்சிதான்’ என்று நசுக்கிவிடாதீர்கள். அது ஸ்பால்ஜிஸ் என்ற பட்டாம்பூச்சியின் புழு. மாவுப்பூச்சியைத் தின்று வளர்வது. அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் குட்டிக் குரங்கின் முகம் போலவே இருக்கும்.

அதனால், கேட்பது தப்பில்லை. சரியாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு மங்கலான போட்டோவை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் என்று தனித்தனியாக எடுங்கள். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள் (திருப்பூர் பக்கம் பனியன் பட்டனுக்கா பஞ்சம், அதுவும் ஓகே). எந்த ஊர், எந்தத் தேதி, எந்தப் பயிர் என்பதையும் எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் போட்டால் தெரிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரிபார்க்கலாம். பயிர்ப் பிரச்னை என்றால் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551 இருக்கிறது, கட்டணம் இல்லை.

ஆனால் சாப்பிடும் விஷயத்தில் போட்டோவை நம்பவே கூடாது. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். செங்காந்தள், கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ எல்லாம் இந்த ஒரே செடிதான். நம் மாநில மலரும் இதுதான். பூ அழகு; கிழங்கோ கொடிய விஷம். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றால் உயிர் போகலாம். ‘சாப்பிடலாமா?’ என்று குரூப்பில் கேட்கத் தோன்றினாலே, அதைச் சாப்பிடாமல் விடுவதுதான் நல்லது.

பாம்பு கடித்தால் கதையே வேறு. அங்கே பெயருக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் இங்கே தரப்படுகிறது. மருத்துவர்கள் அறிகுறிகளைப் பார்த்து சிகிச்சையைத் தொடங்குவார்கள். பாம்பைத் தேடி போட்டோ எடுக்கப் போய் இன்னொரு கடி வாங்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

பூச்சி, செடி மட்டுமல்ல, பழைய காசு, மணி, செப்புத்தகடு போட்டோக்களும் குரூப்பில் வரும். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல், ரோமானிய வணிகத் தொடர்பு இருந்த ஊர் என்பதால் நம் பக்கத்து மண்ணில் கிடைப்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பளபளப்பாக்கிப் போட்டோ எடுக்கலாம் என்று புளி போட்டுத் தேய்த்தால் எழுத்தும் உருவமும் போய்விடும். கிடைத்தபடியே படம் எடுங்கள். மண்ணுக்குள் புதைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.