கோட்டை வீழ்ந்தது, பாட்டு வாழ்கிறது!

"அவனா? சரியான எம்டன்!"

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இந்தச் சொல்லைக் கேளாத காது உண்டா? கெடுபிடியாக வேலை வாங்கும் மேஸ்திரி எம்டன். வீட்டையே நடுங்க வைக்கும் தகப்பன் எம்டன். எவருக்கும் பிடிகொடுக்காமல் காரியத்தை முடித்துவிடும் கெட்டிக்காரனும் எம்டன்தான். 2006-இல் 'எம் மகன்' என்று வந்த திரைப்படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'எம்டன் மகன்'தான்.

யார் இந்த எம்டன்? ஆளல்ல, கப்பல்! செர்மானியப் போர்க்கப்பல்!

1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பது மணி கடந்த வேளை. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகவில்லை. ஐரோப்பாவில் நடக்கும் சண்டை இங்கே எங்கு வரப்போகிறது என்று சென்னை நகரம் விளக்குகளை எரியவிட்டபடி கண்ணயரப் போயிற்று. கார்ல் வான் முல்லர் என்ற தலைவனின் கீழ் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற 'சாப்ரா' என்ற வணிகக் கப்பல் அடிபட்டது, உயிர்களும் போயின. உயர்நீதிமன்றச் சுவரும் தப்பவில்லை. எல்லாம் அரைமணி நேரத்துக்குள்! பிறகு இருளில் மறைந்தது எம்டன்.

மறுநாள் முதல் ஊரே கிளம்பிற்று. ரயிலடியில் கூட்டம், சாலையெங்கும் மூட்டை முடிச்சு. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தின் கோட்டையிருந்த ஊரில் இந்தக் கதி!

அந்தக் கப்பலின் ஆயுள் அதன்பின் நீளவில்லை. அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், கோகோஸ் தீவருகே 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அதைச் சிதைத்தது. கப்பல் போயிற்று, பெயர் போகவில்லை. மலையாளத்துக்கும் ஏறிச் சென்று, 'எமண்டன்' என்றால் மாபெரியது என்று அங்கே பொருள் தருகிறது. குண்டு விழுந்ததற்கு உயர்நீதிமன்ற வளாகத்தில் கல்வெட்டு உண்டு. அதைத் தேடிப்போய்ப் படித்தவர் எத்தனை பேர்? சொல்லோ, தேடாமலே நம் நாவில் வந்து உட்காருகிறது.

தம்மீது குண்டு போட்டவன் பெயரை மக்கள் ஏன் ஏற்றார்கள்? கெய்சர் மீது காதலா? இல்லை. வெள்ளையனையும் அடிக்க முடியும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டார்கள். அச்சமும் வியப்பும் கலந்து பிறந்த சொல் அது என்பதே நம் கருத்து.

ஏழை எளிய மக்கள் போர்க் கணக்கை எழுதி வைக்கும் ஏடு இதுதான்: நாக்கு! சொல்லாக எழுதுவார்கள், பாட்டாக எழுதுவார்கள், கூத்தாக எழுதுவார்கள்.

செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். கப்பம் கட்ட மறுத்த தேசிங்கு ராஜன், 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்து மாண்டான். அவன் தமிழனல்ல, புந்தேல இராசபுத்திரன். மக்கள் குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை, வீரத்தைக் கேட்டார்கள். அவனுக்காகத் தன் திருமணத்தையே விட்டு ஓடிவந்து உயிர்கொடுத்த இசுலாமியத் தோழனையும் அதே பாட்டில் சேர்த்துப் பாடினார்கள். வென்ற நவாபு அந்தக் கதையில் எதிரியாகத்தான் வருகிறான். துறைமுகத்துக்கும் ஆலைக்கும் வேலை தேடி ஆர்க்காட்டிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் இந்தக் கூத்தையும் கூடவே கொண்டுவந்தன. கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அச்சகத்தார் இத்தகைய கதைகளைப் பெரிய எழுத்துப் புத்தகங்களாகப் போட்டார்கள். எழுத்தறிந்த ஒருவன் ராகத்தோடு படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றிலும் உட்கார்ந்து கேட்டார்கள். பள்ளிக்கூடம் தராத சரித்திரம் அது!

கான்சாகிபு கதை இன்னும் கொடியது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டான். வெளியிலிருந்து அவன் படையை ஓயாமல் தாக்கி, கோட்டை விழாமல் காத்தவர்களில் முதன்மையானவன் யூசுப்கான் என்ற கான்சாகிபு. கைம்மாறு என்ன தெரியுமா? அதே கும்பினியார் துணையோடு ஆர்க்காட்டு நவாபு 1764-இல் அவனை மதுரையில் தூக்கிலிட்டான்! கும்பினி மறந்தது, நாட்டுப்புறம் 'கான்சாகிபு சண்டை' பாடியது. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன், 1801-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். தூக்குக் கயிறு ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுப் பிறந்தது.

ஆனால் தோழர்களே, இந்த ஏட்டிலும் ஒரு குறை உண்டு. மன்னனும் தளபதியும் பாட்டில் ஏறினார்கள். அவர்களுக்காகச் செத்த காலாட்படைக்காரன்? 'தம்பிகள்' என்றே பெயரெடுத்த சென்னைச் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, முதல் போரில் மெசபடோமியா வரை போனவன்? பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் பட்டாளத்துக்குக் காக்கி நெய்தவன்? 'சாப்ரா' கப்பலில் உயிர்விட்டவன்? கோட்டைக்கருகே போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள். மலர் வாடும். வீட்டில் அவன் பெயரைச் சொல்ல ஆளில்லையென்றால், அவன் இரண்டாம் முறை சாகிறான்!

நினைப்பதும் மறப்பதும் தானாக நடப்பதல்ல. மூலக்கொத்தளத்தில் துயிலும் நடராசனும் தாளமுத்துவும் கோட்டை பிடித்தவர்களல்லர். இந்தியை எதிர்த்துச் சிறை சென்று 1939-இல் மாண்ட எளிய இளைஞர்கள். ஓர் இயக்கம் அவர்கள் பெயரை விடாமல் சொன்னது. அதனால் சனவரி 25 தோறும் நாடே சொல்கிறது.

எனவே கேட்கிறோம். எண்ணூர் முதல் இராயபுரம் வரை நம் படிப்பகங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் தெருப் பெரியவர்களை அங்கே அழைத்து உட்கார வையுங்கள். கூத்தாடிய தாத்தா இருப்பார். ஒப்பாரி பாடும் ஆத்தா இருப்பார். பட்டாளத்துக்குப் போனவர் பெயரன் இருப்பான். பாடச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதியுங்கள், நோட்டில் எழுதுங்கள். யார் பெயர், எந்தப் படை, எந்த ஆண்டு, யாரிடம் கேட்டது என்று குறியுங்கள். எழுதியதைப் படிப்பகத்தில் வையுங்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு பாட்டையாவது மேடையேற்றுங்கள்.

குண்டு போட்ட கப்பலின் பெயர் நமக்குத் தெரியும். குண்டடி பட்டவன் பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்!