கடைவீதி காசில் வளர்ந்த மொழிப் பள்ளி

ஜப்பான் என்றதும் நம் வியாபாரிகளுக்குக் காரும் கடிகாரமும் கால்குலேட்டரும்தான் நினைவுக்கு வரும். அந்நாட்டில் ஒசாகா என்றொரு நகரம் இருக்கிறது. நம்மைப் போன்ற மளிகைக்காரரும் மொத்த வியாபாரியும் ஜவுளிக்காரரும் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. பழைய நாளில் நாடெங்கும் விளைந்த அரிசி அங்கே வந்து குவிந்ததால் 'நாட்டின் சமையற்கட்டு' என்றே அதற்குப் பெயர். அங்குள்ள தோஜிமா அரிசிச் சந்தையில் முன்பேர வியாபாரத்துக்கு அரசு 1730லேயே அனுமதி கொடுத்துவிட்டது. இன்று அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உலக மொழிகளும், அயல்நாட்டவருக்கு ஜப்பானிய மொழியும் கற்பிக்கிறார்கள். அந்தக் கல்வி யார் பணத்தில் தொடங்கியது என்பதை நம் உறுப்பினர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1724இல் ஒசாகா வணிகர்கள் ஐந்து பேர் கைப்பணம் போட்டு 'கைதோகுதோ' என்ற கல்விச்சாலையைத் திறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அரசின் அங்கீகாரமும் கிடைத்தது. அதன் விதிகளைப் படித்தால் கடை நடத்துகிறவர்கள் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். புத்தகம் இல்லாதவரும் வந்து கேட்கலாம். தவிர்க்க முடியாத வியாபார வேலை வந்தால் பாடத்தின் நடுவிலேயே எழுந்து போகலாம். பாடம் தொடங்கியபின் வந்தவர் வாளேந்திய சாமுராயாகவே இருந்தாலும் அவருக்குத் தனி இடம் கிடையாது. யமகதா பான்தோ என்ற அறிஞர் இங்கே படித்தவர். அவர் தொழில் அரிசி வணிகர் வீட்டில் தலைமைக் கணக்குப்பிள்ளை வேலை! நொடித்துப்போக இருந்த முதலாளியின் தொழிலை நிமிர்த்திக்கொண்டே வானியலும் பொருளியலும் எழுதினார். 1869இல் சாலை மூடப்பட்டது. அதன் நூல்கள் பின்னர் ஒசாகா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன.

இனி நமக்கு நேரடியாகத் தொடர்புடைய கதைக்கு வருவோம். 1880களில் ஒசாகாவில் நூற்பாலைகள் பெருகின. பருத்தி வேண்டுமே! பம்பாயிலிருந்து வாங்கினார்கள். கப்பல் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து வாடகையை உயர்த்தி வைத்திருந்தன. ஜாம்ஷெட்ஜி டாடாவும் நிப்பான் யூசென் கம்பெனியும் கைகோத்து 1893இல் பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் நேரடிக் கப்பல் விட்டார்கள். சரக்கு வந்தது, துணியாகித் திரும்பிப் போனது. ஆனால் வாங்குகிறவன் பேச்சு விற்கிறவனுக்குப் புரியாவிட்டால் லாபத்தில் பாதி இடைத்தரகர் கைக்குத்தான் போகும். இது நம் மண்டி வியாபாரிக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஒரு பெண்மணி. கப்பல் தொழிலில் பொருள் ஈட்டிய ஒருவரின் மனைவி ஹயாஷி சோகோ. கணவர் மறைந்தபின் பத்து லட்சம் யென்னை அரசிடம் கொடுத்து, வெளிநாடுகளில் பணியாற்றக்கூடிய ஆட்களை உருவாக்கும் பள்ளி வேண்டும் என்றார். 1921இல் ஒசாகா அயல்மொழிப் பள்ளி பிறந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றோடு சீனம், மங்கோலியம், மலாய், இந்திய மொழி ஆகியவற்றுக்கும் தொடக்கத்திலேயே தனித்தனித் துறைகள் அமைந்தன. ஆட்சியாளர் மொழியை மட்டும் படித்தால் போதும் என்று நாம் இருந்த காலத்தில், சரக்கு போகும் ஊரின் மொழியை அவர்கள் படித்தார்கள். நம் பார்வையில் இந்தக் கதையின் சாரமே இதுதான்.

1945 குண்டுவீச்சில் கட்டடம் எரிந்தது. 1949இல் பள்ளி பல்கலைக்கழகமாக எழுந்தது. 1954 முதல் ஜப்பான் அரசின் உதவித்தொகையில் வரும் அயல்நாட்டு மாணவருக்கு ஜப்பானிய மொழிப் பயிற்சியும் அங்கே நடைபெறலாயிற்று. 2007 அக்டோபரில் அது ஒசாகா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இப்போது இந்தி, உருது, சுவாகிலி என ஏறத்தாழ 25 மொழிகள் பாடத்தில் உள்ளன. பெரிய நிறுவனத்தோடு இணையும்போது, மாணவர் குறைந்த மொழிகளைச் செலவு என்று கழித்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அங்கே அவை நிலைத்திருப்பது நல்ல சேதி.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். 2021இல் மொழித்துறையின் புதிய வளாகம் மினோ நகரில் செம்பா என்ற பகுதிக்குச் சென்றது. ஒசாகாவின் பழைய செம்பா ஜவுளி மொத்த வியாபாரத் தெரு. அங்கே நெரிசல் தாங்காமல் ஊருக்கு வெளியே மொத்தக் கடை வளாகம் அமைத்துக் குடிபெயர்ந்த வியாபாரிகள், பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். நம் கோயம்பேடு, மாட்டுத்தாவணி மாதிரி. அதன் நடுவேதான் இன்று பல்கலைக்கழகம் இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி கடினமா? எழுத்து கடினம்தான். இருவகை அசை எழுத்துகள் போக, அன்றாட உபயோகத்துக்கு 2,136 சித்திர எழுத்துகள். ஆனால் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்தைவிட நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். வாடிக்கையாளரிடம் ஒரு பேச்சு, கடைப் பையனிடம் ஒரு பேச்சு என்ற மரியாதை வேறுபாடும் உண்டு. ஒசாகா வியாபாரிகள் சந்தித்தால் 'மோகரிமக்கா' என்பார்களாம். 'லாபம் வருதா?' என்று அர்த்தம். 'பொச்சி பொச்சி' என்பது பதில், 'ஏதோ ஓடுது' என்பது போல. நம் கடைவீதியிலும் நாள்தோறும் இதே பேச்சுத்தானே!

மொழித்தேர்வில் எளிய என்5 முதல் கடின என்1 வரை ஐந்து படிகள். சென்னையிலும் எழுதலாம். ஏற்றுமதி எண்ணமுள்ளவர்கள் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளவும். 2011 ஆகஸ்ட் 1 முதல் இந்திய-ஜப்பான் பொருளாதார ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. வரிச் சலுகைக்குச் சரக்கின் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். அடுத்து, 2006 மே மாதம் முதல் உணவுப் பொருளில் தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிமருந்து எச்சம் 0.01 பி.பி.எம்-ஐத் தாண்டினால் சரக்கை அனுமதிக்க மாட்டார்கள். எள் ஆனாலும் இறால் ஆனாலும் கொள்முதல் செய்யும் இடத்திலேயே பரிசோதனை முடித்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவதே நல்லது.