என் பேரு எங்க, அங்கிள்?

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் சாப்பாட்டுப் பொட்டலங்களுக்குப் பெயர் ஒட்டும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "நீங்கதானே கம்ப்யூட்டர் ஆள்!" 55 லேபிள் அச்சடித்தேன். மதியம் க்யூவில் நின்ற ஆறு வயதுப் பையன் கேட்டான்: "என் பேரு எங்க, அங்கிள்?" அவனைப் போல இன்னும் 12 பேர். வேறு நாலு பிள்ளைகளுக்கோ ரெண்டு ரெண்டு பொட்டலம்! எப்படியோ பகிர்ந்து கொடுத்துச் சமாளித்தோம்.

அன்றிரவு லேப்டாப்பைத் திறந்தேன். ரெண்டு டேபிள். ஒன்றில் 64 பிள்ளைகள். இன்னொன்றில் பெற்றோர் வருடாவருடம் நிரப்பும் உணவுப் படிவங்கள். நான் எழுதியிருந்தது இன்னர் ஜாயின். இரண்டிலும் பொருந்துகிற வரிகளை மட்டுமே அது தரும். இந்த வருடம் படிவம் தராத 13 பேரையும் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. எரர் எதுவும் வராது, அதுதான் இதில் மோசம்.

லெஃப்ட் ஜாயின் என்று மாற்றினேன். இடப்பக்க டேபிளில் இருக்கிற எல்லாரையும் அது வைத்துக்கொள்ளும். ஜோடி கிடைக்காத இடத்தில் 'நல்' என்று காலியாக விடும். ஓட்டினால் மறுபடியும் அதே 55! 'இந்த வருடம் மட்டும்' என்ற நிபந்தனையை 'வேர்' கிளாஸிலேயே விட்டிருந்தேன். ஜாயின் முடிந்த பிறகுதான் அந்த வடிகட்டல் நடக்கும். 13 பேருக்கும் வருடம் ஒன்று நல், இல்லாவிட்டால் பழையது, எல்லாரும் அவுட். நிபந்தனையை 'ஆன்' பகுதிக்கு நகர்த்தினேன். 68 வந்தது.

64 பிள்ளைகளுக்கு 68 வரியா? நாலு வீட்டில் அம்மாவும் அப்பாவும் தனித்தனியாகப் படிவம் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு எத்தனை படிவம் பொருந்துகிறதோ அத்தனை வரி வரும். 'டிஸ்டிங்க்ட்' போட்டால் போச்சு என்று நினைத்தேன். அது அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் வரிகளைத்தான் நீக்கும். ஒரு பையனுக்கு அம்மா 'நட்ஸ் அலர்ஜி' என்று எழுதியிருக்கிறார், அப்பா 'ஒண்ணுமில்லை' என்று. அன்று மதியம் அவன் கையில் ரெண்டு பொட்டலமும் இருந்தன.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். "அது சின்ன வயசுல இருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சுங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல்: "யார் சொன்னா?"

படிவப் பக்கம் நல்லாக இருப்பவர்களை மட்டும் எடுத்தால் சரியாக 13 பெயர் வருகிறது. ஒன்பது வீட்டுக்குப் பேசியாச்சு, இன்னும் நாலு பாக்கி.